இன்னும் நிறைவேற்று மனு போடவில்லையா?

கேள்வி: 2019-ல் என் கணவரின் நண்பர் ஒருவர், வீட்டு வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லி எங்களிடம் 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. 2021-ல் வழக்குப் போட்டோம். 2024 மார்ச்சில், 6 சதவீத வட்டியுடன் பணத்தைத் தர வேண்டும் என்று எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இன்றுவரை ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. தனியார் நிறுவனத்தில் மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார். வழக்கு நடக்கும்போதே வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டார். கேட்டால், அப்பீல் போட்டிருக்கிறேன் என்கிறார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், "தீர்ப்பைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார். இனி என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்தச் சிரிப்பைப் படித்தபோது எனக்கே நெஞ்சு எரிந்தது. ஆனால் அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. இவ்வளவு எழுதிய நீங்கள், நிறைவேற்று மனுவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் அதைப் போடவில்லை. அது அவருக்கும் தெரியும்.

தீர்ப்பு வந்தால் நீதிமன்றமே பணத்தை வசூலித்துத் தந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றம் தானாக எதையும் வசூலிக்காது. ஜெயித்தவர் தனியாக ஒரு மனு போட்டு, இன்ன சொத்திலிருந்து, இன்ன வழியில் என் பணத்தை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதுதான் நிறைவேற்று மனு. நீதிமன்ற வளாகத்தில் அதை 'இ.பி.' (எக்ஸிகியூஷன் பெட்டிஷன்) என்பார்கள்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு தச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் ஒரு மஞ்சள் துணி, துணிக்குள் தீர்ப்பாணையின் நகல். மடிப்பில் கிழிந்த இடங்களிலெல்லாம் வெள்ளைத்தாள் வைத்து ஒட்டியிருந்தார். செய்து முடித்த வேலைக்கு வர வேண்டிய கூலி அது. என் சீனியர் நேராகத் தேதியைப் பார்த்தார். தீர்ப்பாகி 12 ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் ஆகியிருந்தன. பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்றக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 12 ஆண்டுகள். "தாள் பத்திரமாக இருக்கிறதே ஐயா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கேட்காமலேயே உங்களை அவசரப்படுத்துகிறேன்.

உங்களுக்கு 2036 மார்ச் வரை காலம் இருக்கிறது. இருந்தாலும், தீர்ப்பாகி இரண்டு ஆண்டு கடந்தபின் மனு போட்டால், முதலில் எதிராளிக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பை வாங்காமல் இழுத்தடிப்பதிலேயே மாதங்கள் போய்விடும். அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால் அதற்குள் போட்டுவிடுங்கள், முடிந்திருந்தால் இனியும் தாமதிக்காதீர்கள்.

முதலில் சம்பளம். தனியார் சம்பளத்தைப் பிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 40,000-ல் 1,000 போனால் 39,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 13,000. மாதாமாதம் ஏறக்குறைய இந்தத் தொகையைப் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி அவருடைய நிறுவனத்துக்கே உத்தரவு போகும். உத்தரவு கிடைத்த பிறகும் முழுச் சம்பளத்தை அவர் கையில் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. ஆனால் ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்கள்தான் சம்பளத்தைப் பிடிக்கலாம். கணக்குப் போட்டால் 3,12,000 ரூபாய். உங்கள் அசலே 4 லட்சம், ஆண்டுக்கு 24,000 வட்டி வேறு ஏறுகிறது. ஆகவே சம்பளம் மட்டும் போதாது. வீட்டுக்கும் போயாக வேண்டும்.

மனைவி பெயருக்கு எழுதிவிட்டார் என்பதால் வீடு கைவிட்டுப் போனதாக நினைக்காதீர்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்துடன் செய்த சொத்து மாற்றத்தை, கடன் கொடுத்த அவர் கேட்டால் ரத்து செய்யலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 53 சொல்கிறது. வழக்கு நடக்கும்போது, பணம் ஏதும் வாங்காமல், சொந்த மனைவிக்கு எழுதியது உங்களுக்குப் பெரிய பலம். கடனைத் தீர்க்க அவரிடம் வேறு சொத்து இல்லை என்பதையும் காட்டினால் வலு கூடும். வில்லங்கச் சான்று எடுங்கள், செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலும் வாங்குங்கள். அந்தப் பத்திரத்தின் தேதியையும் அவர் வழக்கில் சம்மன் வாங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீட்டை ஜப்தி செய்யக் கேட்டால், மனைவி இது என் வீடு என்று ஆட்சேப மனு போடுவார். அதை அதே நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். ஜப்தி உத்தரவு வந்தவுடன் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்திக்குப் பிறகு வீட்டை யாருக்கு விற்றாலும் அது உங்கள் உரிமையைப் பாதிக்காது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எதிராளி சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனு போடலாம். இந்தச் சகோதரியின் வழக்கில் அதைச் செய்திருந்தால் செட்டில்மெண்ட் பேச்சே வந்திருக்காது.

அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? தீர்ப்பாணை 30 நாட்கள் நிறைவேறாமல் இருந்தாலே, சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி அவருக்கு உத்தரவிடக் கேட்கலாம். தாக்கல் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. என் அனுபவத்தில், பலர் பணத்துடன் பேச வருவது இந்த மனு போன பிறகுதான். சொத்துகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்களுக்கு அவ்வளவு கசக்கிறது.

பீரோ, டிவி என்று வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்வதை நான் சிபாரிசு செய்வதில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, தாலி எதையும் தொட முடியாது. மீதியை ஏலம் விட்டால், ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்துபோன செலவுக்கே சரியாகிவிடும்.

அப்பீல் போட்டுவிட்டேன் என்று அவர் சொல்வதால் உங்கள் கை கட்டப்படுவதில்லை. மேல்முறையீடு மட்டும் தடை ஆகாது. தடையாணை வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். தடை கேட்டால், பணத்தைக் கட்டவோ பிணை கொடுக்கவோ உத்தரவிடும்படி நீங்களும் கேளுங்கள்.

கைது செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தில் கொடுக்க மறுக்கிறார் என்று நிரூபித்தால் முடியும். கையில் இல்லாதவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அது நியாயம்தான். அதிகபட்சம் மூன்று மாதம், அந்த நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும்? நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. ஆனால் 2025-ல் அதே நீதிமன்றம் கணக்கெடுத்தபோது, நாடு முழுவதும் 8.82 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடந்தன. இந்தியாவில் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் வழக்காடுபவரின் கஷ்டமே தொடங்குகிறது என்று, அந்நாளில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-ல் சொன்னது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆகவே ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடாதீர்கள். ஆறு மாத உத்தரவைச் சொல்லிக் குறுகிய வாய்தா கேட்கும்படி உங்கள் வழக்கறிஞரை வற்புறுத்துங்கள்.

கேள்வி: என்மீது 1,80,000 ரூபாய்க்குத் தீர்ப்பாகியிருக்கிறது. மாதம் 5,000 வீதம் ஓராண்டாக அவர் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இப்போது முழுத் தொகைக்கும் மனு போட்டிருக்கிறார்.
– ஒரு வாசகர்

பதில்: நேர்மையாக 60,000 ரூபாய் கட்டிய உங்களுக்கு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. வெளியில் கொடுத்த பணம் நீதிமன்றப் பதிவில் ஏறாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. கொடுத்த 30 நாட்களுக்குள் நீங்களே மனு போட்டுப் பதிவு செய்திருக்கலாம். வாங்கியதை அவர் தம் பதிலில் ஒப்புக்கொண்டால் வழி பிறக்கும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எதிருரை தாக்கல் செய்யுங்கள். இனி ஒரு ரூபாயானாலும் நீதிமன்றத்திலோ வங்கி வழியாகவோ மட்டும் கட்டுங்கள், கட்டியவுடன் பதிவும் செய்துவிடுங்கள்.

கேள்வி: தீர்ப்பான பிறகு கடனாளி இறந்துவிட்டார். மகன்களிடம் கேட்கலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: கேட்கலாம். ஆனால் தந்தையிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான். மகன்கள் சொந்தமாகச் சம்பாதித்ததைத் தொட முடியாது. தந்தை பெயரில் இருந்த நிலத்தின் பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவர்களை வாரிசுகளாகச் சேர்த்து மனு போடுங்கள்.