எல்லாம் செய்யணோ?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 81 வயது. இதயம் பலவீனம், பல வருட மூச்சிரைப்பு. போன மாதம் மூச்சு முட்டி பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஐசியூ வாசலில் ஓர் இளம் டாக்டர் வந்து, "ஹார்ட் நின்னால் எல்லாம் செய்யணோ? வேண்டெங்கில் ஒப்பிடணம்" என்றார். வேண்டாமென்றால் கையெழுத்துப் போட வேண்டுமாம். "எல்லாம் செய்யுங்க" என்றேன். நல்லவேளை, அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு அவர் நல்ல நினைவோடுதான் உள்ளே படுத்திருந்தார். அவரைக் கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டால் மனசு உடைந்துவிடுமோ? "அந்தப் பேச்சையே எடுக்காதே" என்கிறார் அம்மா.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். நினைவோடு இருக்கும் ஒரு மனிதரின் நெஞ்சைப் பற்றிய கேள்வியை, கதவுக்கு வெளியே நின்று மகனிடம் கேட்டதுதான் தவறு. உங்கள் பதிலில் தவறில்லை. "எல்லாம் செய்யணுமா" என்று கேட்டால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்பான்? அந்த "எல்லாம்" என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இதயம் நின்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் பதியும்படி அமுக்குவார்கள். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். அப்புறம் தொண்டையில் டியூப், பிழைத்தால் வெண்டிலேட்டர். நெஞ்சை அமுக்கும் இந்த முறையை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்தவர்கள் 1960இல் எழுதி வெளியிட்டார்கள். திடீரென்று நின்றுபோகும் இதயத்துக்கு அது பெரிய வரம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சரிந்து விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் நீங்களும் நானும் யோசிக்காமல் நெஞ்சை அமுக்கத்தான் வேண்டும். ஆனால் வருடக்கணக்காகத் தளர்ந்துவந்த உடம்பில் கடைசியாக இதயம் நிற்பது வேறு. ஆஸ்பத்திரியிலேயே இதயம் நின்று, இந்தச் சிகிச்சை கிடைத்த எழுபது வயது தாண்டியவர்களில்கூட ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே உயிரோடு வீடு திரும்புகிறார்கள். இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே கெட்டிருந்தால் வாய்ப்பு இன்னும் குறையும். இவ்வளவையும் சொன்ன பிறகு கேட்டால்தான் அது கேள்வி.

என் அம்மாவுக்கு நானும் "எல்லாம்" என்றுதான் சொன்னேன். டியூபைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாலு நாள். மூன்றாம் நாள் விரல் எட்டியமட்டும் என் சட்டை நுனியைப் பற்றி இழுத்தாள். டியூப் இருந்ததால் பேச முடியவில்லை. என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அவளை எத்தனை டாக்டர்களிடம் கூட்டிப்போயிருப்பேன்! ஒருவராவது அவளிடம் இதைப் பேசியிருக்கலாம். நானும் பேசியிருக்கலாம்.

அத்தை விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து ஐம்பது வருடமாக அங்கேயே இருந்தவர். கேரள அரசு 2008இல் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று, அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சைக்கென்று, ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அதனால் அங்கே பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீடு தேடி வருவார். அந்த நர்ஸ் ஒருநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மைக்கு எந்தா பேடி?" என்று கேட்டார். என்ன பயம் என்று. நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. அத்தை கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "சாகறதுக்குப் பயமில்லை கண்ணு. மூச்சு முட்டக் கூடாது. யாருமில்லாத ரூம்ல கொண்டுபோய்ப் போட்டுடாதீங்க" என்றார். நர்ஸ் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் டாக்டர் வந்து அத்தையிடமே விளக்கிச் சொன்னார். மூச்சிரைப்புக்குச் சின்ன அளவில் மார்ஃபின் கொடுத்தார்கள். அத்தை வீட்டிலேயே, எங்கள் நடுவில் போனார்.

மனசு உடைந்துவிடும் என்கிறீர்கள். தான் போகும்போது கட்டிவிட வேண்டிய சேலையை அத்தை ஐந்து வருடம் முன்பே பெட்டியில் தனியாக மடித்து வைத்திருந்தார். நம் பெரியவர்கள் சாவைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை. காது கொடுக்கத் தயங்குவது நாம்தான். உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் உங்களைத்தான் தடுக்கிறார். அப்பா தானாக ஆரம்பித்தால் தடுப்பாரா என்று பாருங்கள்.

இன்னொன்று. நெஞ்சை அமுக்க வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்று ஆகாது. ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், நீர் வடிய ஊசி, வலிக்கு மருந்து எல்லாம் தொடரும். இதயம் நின்ற பிறகு செய்வதைப் பற்றி மட்டும்தான் அந்தப் பேச்சு. மனசு மாறினால் மாற்றியும் சொல்லலாம். பல டாக்டர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் அந்தக் கையெழுத்து அப்பாவைக் கைவிடுகிற கையெழுத்துபோல நம்மைப் பயமுறுத்துகிறது.

சட்டமும் இப்போது இடம் கொடுக்கிறது. உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்று கொடுத்தால் போதும் என்றார்கள். தன் சார்பில் முடிவெடுக்க யார் என்பதையும் அதில் எழுதலாம். ஆனால் பத்திரம் அப்புறம். பேச்சு முதலில்.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது அப்பாவையே டாக்டருக்கு எதிரே உட்கார வையுங்கள். பத்து நிமிடம் வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். தமிழில் பேசச் சொல்லிக் கேளுங்கள். பாலக்காட்டில் அது பெரிய காரியமில்லை. கடைவீதி மலையாளம் உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். சாவைப் பேச அது போதாது. தன் நோயைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எப்படிக் கிடந்தால் வாழவே பிடிக்காது என்பார், இதெல்லாம் முதலில் அவர் வாயால் வரட்டும். டியூபைப் பற்றி டாக்டர் அதன் பிறகு பேசட்டும். "உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்" என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்கு நேராகப் பதில் சொல்வார்.

வெளியூரில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா சொன்னதைக் கேட்காதவர் கடைசி ராத்திரியில் ஓடிவந்து "எல்லாம் செய்யுங்க" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.