நக்கலும் நாட்ச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் நான் சாம்சங் கட்சி, மச்சான் ஐபோன் கட்சி. ஹெட்போன் ஜாக் இல்லை என்று ஐபோனைக் கிண்டலடித்து சாம்சங் எடுத்த விளம்பரத்தை ஒரு காலத்தில் அவருக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது என் போனிலும் ஜாக் இல்லை, டப்பாவில் சார்ஜரும் இல்லை. சாம்சங் யூடியூப் பக்கத்தில் தேடினால் அந்த விளம்பரத்தையே காணோம். நம் மறதியை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்களா? அப்படியிருந்தும் நாம் ஏன் கட்சி மாறுவதில்லை? இன்னொன்று: மச்சான் இந்த முறை சாம்சங் வாங்கலாமா என்று யோசிக்கிறார். என்னென்ன சிக்கல் வரும்?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்வது 2017 நவம்பரில் வந்த ஒரு நிமிடப் படம். 2007இல் ஐபோனுக்காக வரிசையில் நின்ற பையன் பத்து வருடம் அதையே வாங்குகிறான். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்கிறான். பாட்டும் கேட்க வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும் என்று டாங்கிளோடு (ஜாக் இல்லாத போனில் ஹெட்போனைச் செருகும் குட்டி ஒயர்) மல்லுக்கட்டுகிறான். கடைசியில் சாம்சங்கின் நோட் 8க்கு மாறிவிடுகிறான். முடிவில் ஆப்பிள் கடை வாசலில் ஒருவர் நிற்பார், கவனித்தீர்களா? அவருடைய முன்முடி ஐபோன் எக்ஸின் நாட்ச் போலவே, அதாவது திரையின் மேல்விளிம்பில் கேமராவுக்காக விட்ட பள்ளம் போலவே, வெட்டப்பட்டிருக்கும்.

அந்த முடிவெட்டுதான் எனக்குப் பிடித்த இடம். ஏனென்றால் அந்த நாட்ச் உள்ள ஓலெட் திரையைத் தயாரித்து ஆப்பிளுக்கு விற்றதே சாம்சங்கின் திரை நிறுவனமான சாம்சங் டிஸ்ப்ளேதான். ஐபோன் எக்ஸுக்கு அப்போது வேறு யாரும் திரை கொடுக்கவில்லை. கேலி எடுபட்டால் நோட் 8 விற்கும், எடுபடாவிட்டால் திரை விற்கும். போதாக்குறைக்கு, பதினான்கே மாதத்தில், 2019 ஜனவரியில், கேலக்ஸி எம்10, எம்20 போன்களில் சாம்சங்கே துளி வடிவ நாட்ச் வைத்தது. அவை முதலில் விற்பனைக்கு வந்ததே இந்தியாவில்தான்.

ஜாக் கதை உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்ட் 7இல் ஜாக் இல்லாத நோட் 10 வெளியானது. அதையொட்டி அந்தப் படம் சாம்சங்கின் அமெரிக்க யூடியூப் பக்கங்களிலிருந்து இறக்கப்பட்டது. சார்ஜரிலும் இதே கூத்து. 2020 அக்டோபரில் ஐபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்ததும், சாம்சங்கின் கரீபியன் ஃபேஸ்புக் பக்கம் ஒரு சார்ஜர் படத்தைப் போட்டு 'உங்கள் கேலக்ஸியோடு சேர்த்தே வரும்' என்று குத்தியது. டிசம்பரில் அந்தப் பதிவு போய்விட்டது. ஜனவரியில் வந்த எஸ்21 டப்பாவில் சார்ஜர் இல்லை.

மறதியை நம்புகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வருட போனில் எது இருக்கும், எது போகும் என்பது வெகு முன்பே முடிவாகிவிடும். விளம்பரமோ இந்தக் காலாண்டு விற்பனைக்காக எடுக்கப்படுவது. இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. ஜாக்கை எடுத்ததற்கு பேட்டரிக்கு இடம் கிடைக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நோட் 9இல் பேட்டரி 4000 எம்ஏஎச், நோட் 10இல் 3500. நோட் 10 கொஞ்சம் சிறிய போன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 2016 கடைசியில் விற்பனைக்கு வந்த ஏர்பாட்ஸ், 2019இல் வந்த கேலக்ஸி பட்ஸ் என்ற ஒயரில்லா இயர்போன்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜாக் யாருக்கு இடைஞ்சலாக இருந்தது என்பது புரிந்துவிடும்.

இந்த நக்கல் ஒரு காலத்தில் நிஜமாகவே வேலை செய்தது. 2011 நவம்பரில் கேலக்ஸி எஸ்2 விளம்பரம் வந்தபோது சாம்சங் ஐபோனைக் குறை சொல்லவில்லை. ஐபோனுக்காக வரிசையில் நிற்பவரைக் கேலி செய்தது. அமெரிக்காவில் அப்போது ஸ்மார்ட்போனே வாங்காதவர்கள் ஏராளம். 'அந்த வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிடாதே' என்று அவர்களிடம் சொன்னால் போதுமாக இருந்தது. பெரிய திரை என்ற உருப்படியான காரணமும் கையில் இருந்தது. ஆப்பிளுக்கு அது எவ்வளவு உறைத்தது என்பது ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் நடந்த 2014 காப்புரிமை வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களில் தெரிந்தது: எதிராளியின் விளம்பரம் நன்றாக இருக்கிறது, நாம்தான் திணறுகிறோம் என்று ஆப்பிளில் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஃபில் ஷில்லர் தங்கள் விளம்பர ஏஜென்சிக்கு எழுதியிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 4.7, 5.5 அங்குலத் திரைகளோடு ஐபோன் 6 வரிசை வந்தது. காரணம் போய்விட்டது, கேலி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு வந்த நக்கலெல்லாம் உங்கள் மச்சானை இழுக்க எடுத்தவை அல்ல. உங்களைக் குஷிப்படுத்த எடுத்தவை. நீங்களும் காசு வாங்காமல் விநியோகம் செய்திருக்கிறீர்கள்.

கட்சி ஏன் மாறுவதில்லை என்றால், விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி, வெளியேறும் செலவு. இதை ஆப்பிள்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எபிக் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள்மேல் தொடுத்த வழக்கில் வெளியான ஒரு மின்னஞ்சலில் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி சொல்வது இது: ஐபோனின் சொந்தச் செய்தி வசதியான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தர இருக்கும் தடை நீங்கிவிடும். அமெரிக்காவில் அந்த வேலி உயரம். நம் ஊரில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் முழங்கால் உயரம்தான். ஆனால் தடுக்கி விழ அதுவே போதும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பான ஐக்ளவுடில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பை ஆண்ட்ராய்டு போன் படிக்காது. புதிய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பரைப் போட்டுவிட்டு, பிறகு பழைய உரையாடல்களைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. போனை முதன்முதலாக ஆன் செய்து செட்டப் நடக்கும்போதே கேபிளால் இரண்டையும் இணைக்க வேண்டும். ஐபோன் 14 வரை என்றால் ஒரு முனை லைட்னிங், மறுமுனை யூஎஸ்பி-சி. 15 முதல் இரண்டு முனையும் சி. சாம்சங் திரையில் வரும் க்யூஆர் குறியை ஐபோனில் ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் ஏற்றுமதி தொடங்கும். முடியும்வரை ஐபோன் திரை அணையக்கூடாது. செட்டப்பைத் தாண்டிவிட்டால் புதிய போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சிம்மைக் கழற்றும் முன் ஐபோன் செட்டிங்ஸில் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்தி புதிய போனுக்கு வராமல் போகலாம். மறந்துவிட்டால், நம்பரை விடுவிக்க ஆப்பிள் தளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. படங்களை ஆப்பிளின் தனியுரிமைப் பக்கம் வழியாக நேரே கூகுள் போட்டோஸுக்கு அனுப்பலாம், 3 முதல் 7 நாள் ஆகும். கூகுளில் இலவச இடம் 15 ஜிபிதான், முதலில் கணக்குப் பாருங்கள். ஏர்பாட்ஸ் சாதாரண புளூடூத் இயர்போனாக ஓடும். ஆப்பிள் வாட்ச் ஓடவே ஓடாது. அதற்காக மச்சானைக் கிண்டலடிக்காதீர்கள், கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோனோடு சேராது.

ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டு வாங்குவதாக இருந்தால் யோசிக்கச் சொல்லுங்கள். டெலிவரிக்கு வருபவர் புதிய போனைக் கொடுத்த கையோடு பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேபிள் வேலைக்கு நேரமே இருக்காது. அதற்குள், தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்திருக்காவிட்டால் அந்த ஐபோனை எடுக்கவும் மாட்டார். பழைய போனை ஒரு வாரம் கையில் வைத்திருந்து, எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, கடையில் தனியாக விற்பது நல்லது.