ஒரு பாப் பாடகரின் வளர்ச்சியில் நெருங்கிய நண்பர்களுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு? தனித்திறமை போதாதா?

கேள்வியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நீங்கள் பாடுகிறவர். கூட ஒரு நண்பர் பாட்டு எழுதித் தருகிறார். "இவன் எதுக்குடா உனக்கு" என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். என் ஊகம் தப்பென்றால் விட்டுவிடுங்கள். அந்த "இவன்" இடத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவன் நான், அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்துப் பாப் பாடகர் எல்டன் ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் ஆள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: நம்ம சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், வரி பிறகு. இவரிடம் நேர்மாறு. எனக்கு வேண்டியது அந்த நேர்மாறுதான்.

1967இல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி ஆள் தேவை என்று லண்டன் இசைப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. ரெஜ் டுவைட் என்ற 20 வயதுப் பையன் போய், மெட்டுப் போட வரும், வரிகள் எழுத வராது என்றான். அங்கிருந்தவர் குவிந்து கிடந்த உறைகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். லிங்கன்ஷயர் கிராமப்புறத்திலிருந்து பெர்னி டாப்பின் என்ற 17 வயதுப் பையன் அனுப்பிய வரிகள் உள்ளே இருந்தன. கம்பெனி இரண்டு பேரையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ரெஜ்தான் பின்னாளில் எல்டன் ஜான்.

கொஞ்ச காலத்தில் பெர்னி, எல்டனின் அம்மா வீட்டுக்கே குடிவந்துவிட்டார். ஒரே அறை, அடுக்குக் கட்டில். ஆனால் பாட்டு மட்டும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதில்லை. பெர்னி எழுதித் தருவார், எல்டன் தாளைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு தனியாக மெட்டுப் போடுவார். 1972இல் பிரான்சில் ஒரு பழைய மாளிகையில் ஆல்பம் செய்தபோதும் அதே முறைதான்: காலையில் வரிகள் தயார், சாப்பாட்டு மேசைப் பக்கத்திலேயே பியானோ, கொஞ்ச நேரத்தில் இசைக்குழு பதிவுக்குக் கிளம்பிவிடும்.

நண்பன் தட்டிக்கொடுத்தான், தைரியம் சொன்னான் என்பதெல்லாம் சரி, அதை யாரும் செய்வார்கள். பெர்னி கொடுத்தது எல்டனிடம் இல்லாத ஒரு உலகத்தை. பெர்னிக்குச் சின்ன வயசிலிருந்தே அமெரிக்க மேற்கு, கவ்பாய் கதைகள் மேல் பைத்தியம். எல்டன் லண்டன் புறநகர்ப் பையன், பியானோ கிளாஸ் போனவர். 1970இல் வந்த அவர்களது மூன்றாவது ஆல்பம் முழுக்கத் துப்பாக்கியும் பண்ணையும் உள்நாட்டுப் போருமாக இருக்கும். அதைப் பதிவு செய்தபோது எல்டன் அமெரிக்காவில் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. தனியாக விட்டிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

இப்போது என் கதை. நான் எல்டனும் இல்லை, பெர்னியும் இல்லை, தெரியும். பின்னூட்டத்தில் வந்து சிரமப்பட்டு நினைவூட்ட வேண்டாம்.

கல்லூரியில் என் அறைத்தோழன் கீபோர்டு வாசிப்பான், நன்றாகப் பாடுவான். ஆரம்பத்தில் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் முயற்சி செய்தோம். அவன் சொல் இல்லாமல் தத்தகாரத்தில் மெட்டை மட்டும் பாடுவான், நான் அதில் வரிகளை நிரப்ப வேண்டும். ரெண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, சண்டைதான். அப்புறம் நான் எழுதியதை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று பிறந்திருக்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த என் அப்பா சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் வருவதைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன். மூன்று வரி சின்னது, நாலாவது வரி மட்டும் மூச்சு முட்டும் அளவுக்கு நீளம். வேறு யாராக இருந்தாலும் "வெட்டிக் குடு" என்பார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நீள வரியில் தாளத்தை அப்படியே நிறுத்தி, பேசுவது மாதிரி இழுத்து, கடைசிச் சொல்லில் மறுபடி பிடித்தான். இன்றைக்கும் அவனைக் கேட்பவர்கள் "அந்த நிறுத்துற ஸ்டைல்" என்றுதான் பாராட்டுகிறார்கள். அது என் கோணல் வரியிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் பொறாமை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அவன் இதை மறுத்ததே இல்லை.

சென்னைக்குப் போனபிறகு ஒரு ஸ்டூடியோவில் பெரியவர் ஒருவர் அவனிடம், "தம்பி, இந்த அப்பா, பஸ்ஸெல்லாம் விடுப்பா, ரெண்டு வார்த்தை திரும்பத் திரும்ப வர்ற மாதிரி போடு" என்றாராம். வேறு ஒருவர் எழுத, அவன் பாடினான். எங்கள் பாட்டு எல்லாவற்றையும்விட அது நன்றாக ஓடியது. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எல்டனும் பெர்னியும்கூட 1976க்குப் பிறகு ஆளுக்கொரு திசையில் போனவர்கள்தான். 1978 ஆல்பத்துக்கு எல்டன் வேறு ஒருவரை எழுத வைத்தார், பெர்னி ஆலிஸ் கூப்பர் என்ற ராக் பாடகருக்கு எழுதினார். இடையில் சில பாட்டுகள், அப்புறம் 1983இல் முழு ஆல்பத்துக்கும் சேர்ந்தார்கள். 2020இல் சேர்ந்தே ஆஸ்கார் வாங்கினார்கள். இப்போது என் நண்பனும் நானும் வாட்ஸ்அப்பில் வரிகள் அனுப்பி வேலை செய்கிறோம். மேசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து எங்களுக்கு மிஞ்சியது ரெண்டு பாட்டு நேரம். பேசிய பணத்துக்குப் பதில் ஆளுக்கொரு பொன்னாடை. கீபோர்டை ஏற்றிவந்த வண்டிக்காரரிடம் பொன்னாடையையா கொடுக்க முடியும்? அதிலும் அறிவிப்பாளர் என்னை "குழுவினர்" என்றார். பாட்டுக் கேட்கும் செயலிகளும் இதே லட்சணம்தான், பாடியவர் பெயர் கொட்டை எழுத்தில், எழுதியவரைத் தேட மூன்று இடத்தில் தட்ட வேண்டும்.

எல்லாருக்கும் நண்பன் கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். உங்கள் நண்பர் தருவது உங்களுக்கே தோன்றக்கூடியதுதானா என்று மட்டும் பாருங்கள். தோன்றாதது என்றால் விடாதீர்கள். தோன்றுவதுதான் என்றால் நட்பாகவே இருங்கள், பாட்டை நீங்களே எழுதுங்கள். எப்படியானாலும் யார் எழுதியது, யார் மெட்டு என்பதை வெளியிடும் முன்பே எழுத்தில் போட்டு, ரெண்டு பேரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் (பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகிவிடுங்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் படிவத்தை நட்பு முறிந்தபிறகு நிரப்புவது கஷ்டம்.