தண்ணித் துவக்கு வாங்கேக்க பெட்டியில போட்டிருக்கிற மீற்றரை நம்பலாமோ?

கேள்வி இதுதான்: வீட்டில எட்டு வயசிலயும் பன்னெண்டு வயசிலயும் ரெண்டு பிள்ளையள், ஆவணி லீவுக்குக் கனடாவில இருந்து அக்கான்ர பிள்ளையளும் வருகினம், எல்லாருக்கும் தண்ணித் துவக்கு வாங்கவேணும், பெட்டியில 10 மீற்றர், 15 மீற்றர் எண்டு போட்டிருக்கு, எதைப் பாத்து வாங்கிறது, பற்றறித் துவக்கு நல்லதோ?

பதிலை முதல்ல சொல்லிப்போட்டு விளக்கத்துக்கு வாறன். பெட்டியில இருக்கிற மீற்றரை விடுங்கோ. ஒரு செக்கனுக்கு எவ்வளவு தண்ணி வெளியில வருது, முடிஞ்சால் திருப்பி நிரப்ப எவ்வளவு நேரம் போகுது, நிரப்பினாப் பிறகு உங்கட எட்டு வயசுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு ஓடுமோ, இந்த மூண்டையும் பாருங்கோ. பற்றறித் துவக்கு முதல் துவக்கா வேண்டாம். இது எனக்குச் சரியான விருப்பமான விஷயம், எங்கட வளவுக்குள்ள ஒவ்வொரு லீவுக்கும் பெடியள் பெட்டையள் எல்லாரையும் சேத்து விளையாட விடுறனான், துவக்கு ஆர் புதுசாக் கொண்டு வந்தாலும் அளந்து பாக்காமல் விடமாட்டன், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

தூரம் எண்டு பெட்டியில போடுறது பெரும்பாலும் துவக்கை மேல சரிச்சுப் பிடிச்சு அடிக்கேக்க கடைசித் துளி போய் விழுற இடம். அந்தத் துளி பட்டு ஆரும் நனையிறேல்லை. கணக்கில பாத்தால் உள்ளுக்கு வெளியை விட 2 பார் அமுக்கம் கூட இருந்தால் (ஒரு பார் எண்டது எங்களைச் சுத்தியிருக்கிற காத்தின்ர அமுக்கம் மட்டில) தண்ணி செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில வெளிக்கிடும், காத்தின்ர தடை இல்லையெண்டால் 45 பாகையில 40 மீற்றர் போகவேணும், ஆனா நல்ல துவக்கே 10, 12 மீற்றரோட நிண்டிடும், ஏனெண்டால் தாரை வெளியில வந்து கொஞ்சத் தூரத்திலயே துளி துளியா உடைஞ்சுபோகுது, உடைஞ்ச சின்னத் துளியைக் காத்து உடன மறிச்சுப்போடும். அதாலதான் வாய் பெரிசா, தாரை மொத்தமா இருக்கிற துவக்கு அதே அமுக்கத்திலயும் கூடத் தூரம் போகும். ஆவணியில இஞ்ச யாழ்ப்பாணத்தில சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலம் வேற. பின்னேரத்தில தென்னோலை ஒரு நிமிஷம் சும்மா நிக்காது, அந்தக் காத்துக்கு எதிரா மெல்லிய தாரையை அடிச்சால் பாதி தண்ணி அடிச்சவரின்ர முகத்துக்கே திரும்பி வரும். தென்மேற்குப் பக்கம் நிக்கிற ஆக்களுக்கு எப்பவும் ஒரு பலம் இருக்கும், ஆன படியால் விளையாட்டின்ர நடுவில பக்கம் மாத்தி விடுங்கோ, இல்லாட்டிச் சண்டை உண்மையான சண்டையாப் போகும்.

நீங்களே அளக்கலாம், ஒரு சாமானும் தேவையில்லை. காலமை காத்து எழும்ப முதல், காஞ்ச சீமெந்து முத்தத்தில, தோளுயரத்தில துவக்கை மட்டமாப் பிடிச்சு ஒரு அடி அடியுங்கோ. சீமெந்தில ஈரம் விழுந்த இடம் கறுப்பாத் தெரியும், நல்லா வடிவாப் பாத்தீங்களெண்டால் கால்மாட்டில இருந்து சின்னச் சின்னப் புள்ளியா ஒரு கோடு போய், பிறகு ஒரு இடத்தில திட்டா நிறையத் தண்ணி விழுந்திருக்கும், அதுக்கு அங்கால திருப்பியும் புள்ளிதான். அந்தத் திட்டின்ர நடுவில கரிக்கட்டியால கோடு கீறி, அதுவரைக்கும் அளவுங்கோ. அதுதான் அந்தத் துவக்கின்ர உண்மையான தூரம். மட்டமா அடிக்கேக்க 7 மீற்றரில திட்டு விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வெயில் ஏறினாப் பிறகு இதைச் செய்யாதேங்கோ, ஈரம் அளக்க முதலே காஞ்சிடும்.

ரெண்டாவது, செக்கனுக்கு எவ்வளவு தண்ணி எண்டது. அளவுக் கோடு போட்ட ஜொக்குக்குள்ள அடிச்சுக்கொண்டு போனில நேரம் பாத்தால் சரி. இதில ஒரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டினம், வாய் ஓட்டையின்ர விட்டம் ரெண்டு மடங்கானால் தண்ணி நாலு மடங்கு போகும். செக்கனுக்கு 30 மில்லிலீற்றர் அடிக்கிற துவக்கில முக்கால் லீற்றர் தண்ணி இருந்தால் 25 செக்கன் அடிக்கலாம், 120 மில்லிலீற்றர் அடிக்கிறதெண்டால் 6 செக்கனில முடிஞ்சுது. ஆளைத் தோய வைக்கிறது ரெண்டாவதுதான், ஆனா அதோட நிக்கிறவர் எந்த நேரமும் வாளியடிக்கு ஓடிக்கொண்டே இருப்பார். இதில எது நல்லதெண்டு ஒரே பதில் இல்லை, விளையாட்டைப் பொறுத்தது, அதைக் கீழ சொல்லுறன்.

இனி வகையள். ஆகச் சுகமானது இழுத்துத் தள்ளுற குழாய், ஊசி போடுற சிறிஞ்சின்ர வேலைதான், தண்ணிக்குள்ள வச்சு இழுத்தால் நிரம்பும், தள்ளினால் அடிக்கும். உடையிறதுக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்லை, நிரப்ப ஒரு செக்கன், பாரமும் இல்லை. பி.வி.சி. குழாயும், ஓட்டை போட்ட மூடியும், ஒரு தடியும், தடியின்ர நுனிக்கு வட்டமா வெட்டின பழைய பாட்டாச் செருப்பும் இருந்தால் வீட்டிலயே செய்யலாம், செருப்புத் துண்டு குழாயை விட ஒரு நூல் பெரிசா இருக்கவேணும், அதுதான் முழுச் சூட்சுமமும். கையில பலம் உள்ள பெடியன் பிடிச்சால் இது விலை கூடின துவக்கையும் வெல்லும்.

அடுத்தது பம்ப் அடிச்சுக் காத்தை அமத்துறது. இதைக் கண்டுபிடிச்ச கதையைப் பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. லொனி ஜோன்சன் எண்டு ஒரு கறுப்பின அமெரிக்கப் பொறியியலாளர், நாசாவின்ர ஜெற் புறொபல்சன் ஆய்வுகூடத்திலயும் அமெரிக்க விமானப்படையிலயும் வேலை செய்தவர், 1982இல வீட்டில குளிரூட்டுற வாயுவுக்குப் பதிலாத் தண்ணியைப் பாவிச்சு ஒரு வெப்பப் பம்ப் செய்து பாத்துக்கொண்டிருக்கேக்க, குழாயில பூட்டின வாயால குளியலறைக்குள்ள தண்ணி பாய்ஞ்ச பாய்ச்சலைப் பாத்து இதை விளையாட்டுச் சாமானாச் செய்தால் என்ன எண்டு யோசிச்சார். முதல் மாதிரியைப் பி.வி.சி. குழாயும் ரெண்டு லீற்றர் சோடாப் போத்தலும் வச்சுத்தான் செய்தவர். 1990இல லராமி எண்ட கொம்பனி அதைப் பவர் டிறென்சர் எண்ட பேரில விட்டது, அடுத்த வருசம் சூப்பர் சோக்கர் எண்டு பேர் மாத்தினது, அந்த வருசமே 20 கோடி டொலருக்கு வித்தது. ரொக்கற் ஆய்வுகூடத்தில இருந்த மனுசன் வீட்டில கிடந்த போத்தலில தொடங்கினவர் எண்டு கேட்டால் உங்கட பன்னெண்டு வயசுக்காரன் தானும் ஒண்டு செய்து பாக்க வெளிக்கிடுவான், விடுங்கோ, அதை விட நல்ல சயன்ஸ் பாடம் இல்லை.

இந்த வகையில எல்லாரும் விடுற ஒரு பிழை இருக்கு, தாங்கியை விளிம்பு மட்டும் நிரப்பிறது. தாங்கிக்குள்ளயே காத்தை அமத்துற துவக்கில தண்ணி முழுக்க நிரம்பினால் காத்துக்கு இடமில்லை, ரெண்டு தரம் பம்ப் அடிக்க இறுகிப்போகும், ஒரு அடி அடிக்க அமுக்கம் பாதியா விழுந்திடும். மூண்டில ரெண்டு பங்கு தண்ணி, ஒரு பங்கு காத்து விட்டுப் பம்ப் அடிச்சுப் பாருங்கோ, அதே துவக்கு வேற துவக்கு மாதிரி அடிக்கும். காத்து விரிய விரிய அமுக்கம் குறையும், அது பொயில் எண்ட விஞ்ஞானியின்ர விதி, இடம் கூட இருந்தால் மெல்லமாக் குறையும், அவ்வளவுதான். இந்தக் குறைச்சலே வேண்டாம் எண்டு 1996இல சூப்பர் சோக்கரிலயே சி.பி.எஸ். 2000 எண்டு ஒரு துவக்கு வந்தது, உள்ளுக்குக் காத்துக்குப் பதிலா ஊதுபை மாதிரி ஒரு தடிச்ச றப்பர் பை, அது சுருங்கிச் சுருங்கித் தண்ணியைக் கடைசி மட்டும் ஒரே பலத்தோட தள்ளும். இந்த விளையாட்டில ஈடுபாடு உள்ள ஆக்கள் இண்டைக்கும் அதைப் பற்றித்தான் கதைக்கிறவை, இப்ப செய்யிறேல்லை, பழசு கிடைச்சால் விடாதேங்கோ.

பற்றறி வகைக்கு வருவம். விலை கூடின பக்கத்தில ஸ்பைறா எண்டு ஜேர்மன்காரர் செய்யிறது இருக்கு, 2018இல இணையத்தில ஆக்களிட்டக் காசு திரட்டித் தொடங்கினது, ஒருக்கா அமத்தினால் 30 மில்லிலீற்றர் தண்ணி ஒரே கட்டியாப் பறந்து போகும், தாரையா நீளாது. அது உண்மையாவே கெட்டிக்கார வேலை, ஆனா அந்த விலைக்கு இஞ்ச ஒழுங்கை முழுக்க இருக்கிற பிள்ளையளுக்குத் துவக்கு வாங்கிக் குடுக்கலாம். இஞ்ச கடையளில கிடைக்கிற மலிவுப் பற்றறித் துவக்குகள் அந்த இனமே இல்லை. மெல்லிய நூல் மாதிரித் தாரை, மோட்டர்ச் சத்தம் மட்டும் பெரிசு, சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள தண்ணி போனால் அதோட சரி, பிள்ளையள் வாளிக்குள்ள முக்காமல் விடமாட்டினம். அதோட, பம்ப் அடிக்கிற கஷ்டம் இல்லாததால பிள்ளை ஒரு இடத்தில நிண்டு அமத்திக்கொண்டே நிக்கும், ஓட்டமும் இல்லை, ஒளியிறதும் இல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை.

பாரத்தைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ரெண்டு லீற்றர் தாங்கி வச்ச துவக்கை எட்டு வயசுப் பிள்ளைக்குக் குடுத்தால் அஞ்சு நிமிஷத்தில நிலத்தில வச்சுப்போட்டு அழும். முக்கால் லீற்றருக்கு மேல வேண்டாம்.

எந்த விளையாட்டு எண்டதுதான் முக்கியம். எங்கட வளவில ரெண்டு விதம் விளையாடுறது. ஒண்டு, நெஞ்சில ஒரு ரிஷ்யூத் துண்டை ஊசியாலயோ கிளிப்பாலயோ குத்திவிட்டு, அது கிழிஞ்சால் ஆள் அவுட். இதில நேரா, ஒடுங்கிப் போற தாரைதான் வெல்லும், தண்ணி கூடத் தேவையில்லை, பதுங்கத் தெரிஞ்ச சின்னப் பிள்ளை பெரியாக்களைத் தூக்கிடும். மற்றது, எல்லாரும் ஒரே மாதிரிக் காஞ்ச ரீசேட் போட்டு விளையாடி, முடிய ஒவ்வொரு பக்கத்தின்ர ரீசேட்டுகளையும் தராசில போட்டுப் பாக்கிறது, பாரம் கூடின பக்கம் தோல்வி. இதுக்குச் செக்கனுக்குக் கனக்கத் தண்ணி அடிக்கிறதும், கெதியா நிரப்பக்கூடியதும் வேணும். சூறு கொம்பனியின்ர எக்ஸ்-ஷொட் ஃபாஸ்ட்-ஃபில் எண்டதில மூடி அகலமாத் திறக்கும், வாளிக்குள்ள முக்கி எடுத்தால் ஒரு செக்கனில நிரம்பிடும், இந்த விளையாட்டுக்கு அதுக்குக் கிட்ட ஒண்டும் நிக்காது.

வாளியைக் கிணத்தடியில வைக்காதேங்கோ. இது விளையாட்டுப் பேச்சில்லை, ஈரக் கட்டில ஓடிவந்து வழுக்கிற பிள்ளைக்குக் கிணறு ஒரு எட்டுத்தான். தண்ணியை அள்ளிப் பெரிய வாளியளில நிரப்பி வளவின்ர நடுவில வச்சுப்போட்டு, கிணத்துப் பக்கம் போனால் உடன அவுட் எண்டு தொடங்க முதலே சொல்லிப்போடுங்கோ. முகத்துக்கு அடிக்கிறதும் இல்லை, பம்ப் துவக்குத் தாரை கிட்டத்தில கண்ணில பட்டால் காயமே வரும். விளையாடுற இடத்தை வாழைப் பாத்திப் பக்கமா வச்சால் கோடையில அள்ளின தண்ணி மண்ணில சும்மா போகாது, அம்மாவையளும் பேசமாட்டினம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லுறன், கடையில நிக்கேக்க பிள்ளையள் கேப்பினம். கறுப்பில, அசலை மாதிரியே செய்த துவக்கு வாங்காதேங்கோ. எங்கட ஊரில அதைக் கண்டு நெஞ்சு இடியிற ஆக்கள் ஒவ்வொரு வீட்டிலயும் இருக்கினம், எங்கட அம்மம்மா சிவப்பும் பச்சையுமா இருக்கிறதைப் பாத்துக்கொண்டு திண்ணையில இருந்து சிரிப்பா, கறுப்பெண்டால் எழும்பி உள்ளுக்குப் போயிடுவா. பிள்ளைக்கு ரெண்டும் ஒரே விளையாட்டுத்தான், செம்மஞ்சளோ நீலமோ பாத்து வாங்குங்கோ, ரோட்டுக்குக் கொண்டு போகவும் விடாதேங்கோ.

பராமரிப்பில இஞ்சத்தைப் பிரச்சினை தண்ணிதான். எங்கடது சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும், அதே படிவு துவக்கின்ர வாயிலயும் படியும், பிறகு தாரை நேராப் போகாமல் ஒரு பக்கம் சிதறும். வினாகிரி கொஞ்சம் தண்ணியில கலந்து உள்ளுக்கு விட்டு அரை மணித்தியாலம் வச்சு, நல்ல தண்ணியால ரெண்டு மூண்டு தரம் அடிச்சுவிட்டால் போயிடும். பம்ப் இறுகினால் தேங்காயெண்ணெய் பூசிறது எங்கட ஆக்களின்ர பழக்கம், அதைச் செய்யாதேங்கோ, எண்ணெய் பட்டுச் சில றப்பர் ஊதிப்போகும், சிலிக்கன் கிறீஸ் ஒரு துளி போதும். விளையாடி முடிய அமுக்கத்தை விட்டு, தண்ணியை முழுக்க ஊத்தி, மூடியைத் திறந்து நிழலில கவிட்டு வையுங்கோ. தாங்கிக்குள்ள மிஞ்சிற கொஞ்சத் தண்ணியே டெங்கு நுளம்புக்குக் காணும்.

இப்ப உங்கட வீட்டுக்கு. எட்டு வயசுக்கு இழுத்துத் தள்ளுற குழாய், பன்னெண்டு வயசுக்கு ஒரு லீற்றர் மட்டில பம்ப் அடிக்கிற துவக்கு. ரெண்டும் நல்லூர்த் திருவிழாக் கடையளில கிடைக்கும், வாங்க முதல் பம்பை ரெண்டு தரம் இழுத்து, வாயை விரலால பொத்திக்கொண்டு அமத்திப் பாருங்கோ, கை எதிர்த்துத் தள்ளுறது தெரியவேணும், சும்மா போய் வந்தால் உள்ளுக்கு றப்பர் சரியில்லை. அக்காட்டச் சொல்லிக் கனடாவில இருந்து ஃபாஸ்ட்-ஃபில் வகையில ரெண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ, பற்றறி வகை கொண்டு வாறதெண்டால் கழட்டின லிதியம் பற்றறியைக் கைப்பையிலதான் வைக்கவேணும், பெட்டிக்குள்ள போட விடமாட்டாங்கள். அதோட ஓ-றிங், அதுதான் பம்புக்குள்ள கசியாமல் பிடிக்கிற றப்பர் வளையம், சில அளவுகளில மேலதிகமா வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, விலை ஒண்டும் இல்லை, ஆனா இஞ்ச அந்தச் சின்ன அளவு தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.