மாலையைக் கழற்றிய பிறகு

அன்புள்ள ஐயா,

குத்தாலம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. டிராக்டர் ஓட்டுகிறேன். அறுப்புக் காலத்தில் அறுப்பு மெஷினும் ஓட்டுவேன். பதினைந்து வருடமாகக் குடிப்பழக்கம். கடைசி நாலைந்து வருடமாக ஐயப்பனுக்கு மாலை போடுகிறேன். மாலை கழுத்தில் இருக்கிறவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. மலைக்குப் போய்வந்து கழற்றிய அன்று ராத்திரியே பழையபடி ஆகிவிடும். இந்த வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி, முடவன் முழுக்கு அன்று, மாயவரத்துக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுகி மாலை போட்டேன். இனி தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். தை பிறந்தால் மாலை இறங்கும். போன வாரம் சின்ன மகன், "அப்பா, மாலையக் கழட்டாம அப்படியே இருந்துடுங்களேன்" என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மச்சான் கறுப்புச் சட்டைக்காரர், சாமி இல்லை என்கிற கட்சி. "உன் மனசால நிக்கிற, இதுல சாமிக்கு என்ன வேலை" என்கிறார். மாலைக்குப் பயந்து நிற்பது பக்தியா, வேஷமா? சத்தியத்தை மீறிவிட்டால் சாமி குத்தம் ஆகுமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சாமி,

மாலை கழுத்தில் இருக்கும்போது உங்களை வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வேஷமே இல்லை. மார்கழிப் பனியில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகுகிறீர்கள். செருப்பில்லாமல் வரப்பில் நடக்கிறீர்கள். வெறும் பாயில் படுக்கிறீர்கள். யாரும் பார்க்காத நேரத்திலும் இதைச் செய்கிற ஒருவர், நான் வேஷம் போடுகிறேனோ என்று தூக்கம் கெட வேண்டியதில்லை.

உங்கள் மச்சான் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மனசு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் காலையில் சத்தியம் பண்ணுகிற மனசு சாயங்காலம் ஆறரை மணிக்கு அப்படியே இருப்பதில்லை. வேலை முடிந்து, உடம்பு அலுத்து, கையில் காசு இருக்கிற நேரம் அது. அந்த ஆறரை மணியை மாலை பார்த்துக்கொள்கிறது. அப்போது நீங்கள் குளித்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் பஜனை, கூடச் சரணம் சொல்ல நாலு பேர். நேற்றுவரை கூடக் குடித்தவனே "சாமி வருது" என்று பாட்டிலை மறைக்கிறான். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும்கூட உங்களைச் சாமி என்கிறார்கள். நான் நம்பிக்கை உள்ளவன். சாமி ஒருவரைத் தாங்குவது பெரும்பாலும் இப்படி நாலு பேர் வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

தையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மாலையோடு சேர்ந்து இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. குளியல் போச்சு, பஜனை போச்சு, "சாமி" மறுபடி "மாப்ளே" ஆகிவிடுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து சம்பா அறுப்பு தொடங்கும். ராத்திரி ராத்திரியாக மெஷின் ஓட்டம், ரொக்கமாகக் கூலி, விளைச்சல் கண்ட சந்தோஷத்தில் வயல்காரர் நீட்டுகிற பாட்டில். வருடா வருடம் நீங்கள் விழுந்ததற்கு பக்தி குறைந்ததுதான் காரணம் என்று எண்ணாதீர்கள். நம் பக்கத்தில் மாலையை இறக்க இதைவிடக் கஷ்டமான நேரமே கிடையாது.

அதனால் மகன் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். மணியைக் கழற்றுங்கள், மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளைக் குளியலும் சாயங்கால விளக்கும் தொடரட்டும். குருசாமியிடம் இப்போதே மனசு விட்டுப் பேசி, வாரம் ஒரு நாளாவது பஜனைக்கு ஆள் சேர்க்கச் சொல்லுங்கள். மாலை இறங்குகிற ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்தாலும் தப்பில்லை. அறுப்புக் கூலியை வயல்காரர் நேரே உங்கள் மனைவி கையில் கொடுக்கட்டும்.

சாமி குத்தம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இந்தக் கேள்விதான். ஒரு நாள் தவறினால், எப்படியும் சத்தியம் போச்சு, சாமியும் விட்டுவிட்டார் என்று முழுசாகக் குடியில் இறங்கிவிடுகிறவர்கள் நிறைய. உங்கள் ஊர்க் கோயிலுக்கே வந்துபோன, தேவாரம் பாடிய சுந்தரரை நினைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று, மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். ஆரூர் வசந்த விழா நினைவு வந்ததும் மீறிக் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அங்கேயே முடங்கிவிட்டாரா? பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்தில் முதலில் ஓர் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடது கண். திருத்துருத்தியில், அதாவது உங்கள் குத்தாலத்தில், குளத்தில் முழுகி உடம்பில் இருந்த நோய் தீர்ந்தது. திருவாரூரில்தான் வலது கண். அதுவும் எப்படிப் பாடிப் பெற்றார்? அடியார்கள் உள்ளே கனன்று முகம் வாடித் தங்கள் கஷ்டத்தைச் சொன்னாலும் நீர் சும்மாதான் இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று சண்டை போட்டு. சத்தியத்தை மீறியவர் சாமியிடம் பேச்சை நிறுத்தவே இல்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். தவறினால் மறுநாள் காலையே குளித்துவிட்டுப் போய் நில்லுங்கள். நீங்கள் மாலை போட்ட நாளே, ஐப்பசிக் கடைசி நாள் காவிரிக் கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத கால் முடியாதவருக்காக இறைவன் நீட்டித்துக் கொடுத்த நாள் ஆயிற்றே.

கோயிலோடு ஒரு டாக்டரையும் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. குடிக்கும் ஆசையைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அவரவர் அறிந்த கடவுளிடம் பாரத்தை இறக்கிவிட்டு, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்று கூடுகிறவர்கள் அவர்கள். உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

மலைக்கு நல்லபடியாகப் போய்வாருங்கள். அறுப்பு முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குடித்திருந்தாலும் எழுதுங்கள்.