ஆட்டோகேட் வேலையைத் தானாக ஓட வைக்க எந்த மொழி? வாசகர் கேள்வி பதில்

ஆட்டோகேட் போன்ற கேட் மென்பொருளில் (கணினியில் டிராயிங் வரைவது) திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் புரோகிராம் எழுதிக் குறைப்பது பற்றிப் பல கடிதங்கள். ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டிராயிங் பிரிவில் இருக்கிறேன். ஆட்டோகேடில்தான் எல்லாம். ஒரு மாடலுக்கு ரிவிஷன் வந்தால் நூற்றுக்கணக்கான டிராயிங்குகளில் டைட்டில் பிளாக்கில் (ஷீட்டின் மூலையில் இருக்கும் விவரக் கட்டம்) ரிவிஷன் எண்ணும் தேதியும் மாற்றி, லேயர்களைச் சரிசெய்து, பிடிஎஃப் எடுத்துத் தர வேண்டும். சீனியர் லிஸ்ப் கற்றுக்கொள் என்கிறார், ரூம்மேட் பைதான் என்கிறான், இணையத்தில் சி ஷார்ப் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது காலேஜில் படித்த கொஞ்சம் சி மட்டும். எதில் தொடங்கட்டும்?
(கோவை வாசகர்)

பதில்: லிஸ்ப்பில் தொடங்குங்கள். உங்கள் சீனியர் சொன்னதுதான் சரி.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கம்பெனியில் இருப்பது முழு ஆட்டோகேடா, வசதிகள் குறைந்த எல்டி பதிப்பா என்று பாருங்கள். இதைப் பார்க்காமலே மொழியைப் பற்றி வாரக்கணக்கில் விவாதிப்பவர்கள் நிறையப் பேர். எல்டியில் 2023 பதிப்பு வரை லிஸ்ப்பே கிடையாது, 2024-ல்தான் சேர்த்தார்கள். விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி), டாட்நெட் (சி ஷார்ப் ஓடும் தளம்) இரண்டும் எல்டியில் இன்றும் இல்லை. அதனால் எல்டி என்றால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடுகிறது. சில கம்பெனிகளில் ஆட்டோகேடுக்குப் பதிலாக இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட், பிரிக்ஸ்கேட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றிலும் லிஸ்ப் ஓடும். நாளைக்கு முதலாளி மென்பொருளை மாற்றினாலும் நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி கூடவே வரும், சி ஷார்ப்பில் எழுதிக் கம்பைல் செய்த டிஎல்எல் கோப்பு அப்படி வராது, அந்தந்த மென்பொருளுக்குத் திரும்ப பில்ட் செய்தாக வேண்டும்.

லிஸ்ப் ஆட்டோகேடுக்குள் வந்தது 1986-ல், டேவிட் பெட்ஸ் எழுதிய எக்ஸ்லிஸ்ப் என்ற சிறிய மொழியிலிருந்து எடுத்து. அன்றைக்கு எழுதிய எளிய ரொட்டீன்கள் பல இன்றைய பதிப்பிலும் ஓடுகின்றன. இத்தனை வருடம் ஒரு மொழி ஒரு மென்பொருளுக்குள் நிலைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. இதற்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கம்பைல் செய்ய வேண்டாம். நோட்பேடில் எழுதி, ஆட்டோகேடில் ஆப்லோட் கட்டளை கொடுத்து லோட் செய்தால் போதும், ஐடி டிபார்ட்மென்ட்டில் அனுமதி கேட்டு நிற்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. அடைப்புக்குறிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு 2021 பதிப்பிலிருந்து விஎஸ் கோடில் எழுத ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, எந்த அடைப்பு எங்கே மூடுகிறது என்று அது காட்டிவிடும்.

லிஸ்ப்பைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியமானது. லிஸ்ப்பில் ஒரு வட்டத்தை எடுத்து என்ட்கெட் கொடுத்தால் அந்த வட்டம் டிராயிங்குக்குள் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அது அப்படியே ஒரு பட்டியலாக வந்து நிற்கும். 0 என்ற எண்ணுக்கு நேரே அது வட்டம் என்பது, 8-க்கு நேரே லேயர் பெயர், 10-க்கு நேரே மையம், 40-க்கு நேரே ஆரம். ஃபிளாஞ்சில் எத்தனை துளைகள், எந்த அளவில் எத்தனை என்று எண்ண வேண்டுமா, எல்லா வட்டங்களையும் எஸ்எஸ்கெட் என்ற தேர்வு ஃபங்ஷனில் பிடித்து 40-ஐப் பார்த்துப் பிரித்தால் முடிந்தது. டிராயிங்கை டெக்ஸ்டாகச் சேமிக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கேயும் இதே 0, 8, 10, 40தான் இருக்கும். ஆக, நீங்கள் கற்றுக்கொள்வது ஒரு மொழியை மட்டும் இல்லை, டிராயிங்கின் உள்கட்டமைப்பை. பிறகு பைதானுக்குப் போனாலும் சி ஷார்ப்புக்குப் போனாலும் அது அப்படியே உதவும்.

இனி உங்கள் டைட்டில் பிளாக். எந்த மொழி எடுத்தாலும் முதல் முட்டுக்கட்டை இங்கேதான் வரும். டைட்டில் பிளாக் ஒழுங்கான பிளாக்காக, அட்ரிபியூட்டோடு (டேக் என்ற பெயர் கொடுத்த, மாற்றக்கூடிய எழுத்து இடங்கள்) இருக்கிறதா? நம் ஊர் டிராயிங்குகளில் பாதி வழியில் யாரோ அவசரத்துக்கு எக்ஸ்ப்ளோட் கட்டளையால் பிளாக்கை உடைத்து வெறும் டெக்ஸ்டாக மாற்றி, அதையே காப்பி எடுத்து அடுத்த டிராயிங்குக்கும் போட்டிருப்பார்கள். அப்புறம் புரோகிராம் எதைத் தேடும்? ரிவிஷன் என்ற டேகைத் தேடினால் கிடைக்காது, ஷீட்டின் மூலையில் இருக்கும் டெக்ஸ்ட் எது என்று ஆயத்தொலைவை வைத்து ஊகிக்க வேண்டிவரும், அந்த ஊகம் ஒரு டிராயிங்கில் தப்பினாலும் தவறான ரிவிஷன் ஷாப் ஃப்ளோருக்குப் போய்விடும். அதனால் நீங்கள் எழுதும் முதல் லிஸ்ப் எதையும் மாற்றாத லிஸ்ப்பாக இருக்கட்டும். டிராயிங்கைத் திறந்து, நம் டைட்டில் பிளாக் இருக்கிறதா, எந்தெந்த டேக் இருக்கிறது என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவே. அந்தப் பட்டியலில் உருப்படியாக இல்லாதவற்றைக் கையால் சரிசெய்துவிட்டு அதற்குப் பிறகு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். அதையும் காப்பி ஃபோல்டரில்தான், ஒரிஜினலில் வேண்டாம்.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். லிஸ்ப்பிலிருந்து லைன், சர்க்கிள் கட்டளைகளைக் கொடுக்கும்போது ஆப்ஜெக்ட் ஸ்னாப் ஆன் ஆகி இருந்தால், நீங்கள் கொடுத்த புள்ளியை விட்டுப் பக்கத்தில் இருக்கும் எண்ட்பாயிண்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கணக்கு சரி, கோடு மட்டும் தப்பு, அதுவும் ஜூம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் மட்டும் தப்பு. ரொட்டீனின் தொடக்கத்தில் ஓஎஸ்மோடை (ஸ்னாப் அமைப்பைச் சேமிக்கும் எண்) ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு பூஜ்யமாக்குங்கள், முடிவில் திரும்பக் கொடுங்கள். நடுவில் யாராவது எஸ்கேப் தட்டினாலும் திரும்ப வரும்படி எர்ரர் ஃபங்ஷன் எழுதுவது கட்டாயம். இல்லாவிட்டால் பக்கத்து சீட்காரர் ஸ்னாப் வேலை செய்யவில்லை என்று உங்களைத்தான் தேடி வருவார்.

நூற்றுக்கணக்கான டிராயிங் என்பதில் லிஸ்ப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அது தான் ஓடும் டிராயிங்குக்குள்ளேயே வாழ்கிறது, அடுத்ததைத் திறந்தால் கூடவே தாவாது. முழு ஆட்டோகேடில் 2013 முதல் கோர் கன்சோல் என்று திரையே இல்லாமல் ஓடும் ஒரு சிறிய இஎக்ஸ்இ வருகிறது. ஒரு பேட்ச் கோப்பிலிருந்து அதைக் கூப்பிட்டு, டிராயிங்கையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பையும் கொடுத்தால் உங்கள் லிஸ்ப்பை லோட் செய்து ஓட்டி, சேவ் செய்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒன்றை மறக்காதீர்கள், விஎல்ஏ என்று தொடங்கும் ஆக்டிவ்எக்ஸ் ஃபங்ஷன்கள் அங்கே ஓடாது, விவரம் எடுக்க என்ட்கெட், அதை மாற்ற என்ட்மாட் என்ற வழியிலேயே எழுதுங்கள். பிடிஎஃப் எடுப்பதற்குப் புரோகிராமே வேண்டியதில்லை, பப்ளிஷ் கட்டளை பல டிராயிங்குகளை ஒன்றாகவே அடித்துத் தரும்.

கேள்வி: எனக்குப் பைதான் நன்றாகத் தெரியும். டிராயிங்கிலிருந்து பொருள் பட்டியல் எடுத்து எக்செலில் போட வேண்டும். லிஸ்ப் கற்றுத்தான் ஆக வேண்டுமா?
(ஓசூர் வாசகி)

பதில்: வேண்டாம். உங்கள் வேலை டிராயிங்குக்கு வெளியே முடிகிறது, அதனால் பைதானே பொருத்தம்.

இரண்டு வழி இருக்கிறது. பைவின்32 என்ற நூலகம் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோகேடோடு காம் மூலம் (விண்டோஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றை இயக்கும் வழி) பேசலாம். பத்து நிமிடத்தில் முதல் கோடு போட்டுவிடலாம், பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொரு புரோகிராமுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஆயிரக்கணக்கான என்டிட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் நத்தை வேகம்தான். ஆட்டோகேடில் யாராவது ஒரு டயலாக் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாலே அழைப்பு நிராகரிக்கப்பட்டது என்று எர்ரர் வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கொஞ்சம் காத்திருந்து மறுபடி முயலும்படி எழுதாவிட்டால் இந்த வழி நம்பத்தகாதது.

இரண்டாவது வழி ஈஇசட்டிஎக்ஸ்எஃப் என்ற நூலகம். ஆட்டோகேடே இல்லாமல் டிஎக்ஸ்எஃப் கோப்பைப் படிக்கும், எழுதும். பிளாக்குகளையும் அட்ரிபியூட்டுகளையும் சுற்றிவந்து பட்டியல் எடுத்து ஓபன்பைஎக்செல் என்ற இன்னொரு நூலகம் வழியாக எக்செலில் கொட்டுவது சில டஜன் வரிகளுக்குள் முடியும். ஆட்டோகேடின் வழக்கமான கோப்பு வகையான டிடபிள்யூஜியை அது நேரடியாகப் படிக்காது, ஓடிஏ (ஓபன் டிசைன் அலையன்ஸ்) தரும் இலவசக் கன்வெர்ட்டரில் ஃபோல்டரையே மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஃப்ரீகேட், ஃப்யூஷன், ரைனோ பயன்படுத்துகிறவர்கள் நேராகப் பைதானுக்கே போங்கள். அங்கே பைதான் உள்ளே வைத்தே வருகிறது. ஃப்ரீகேடில் மவுஸால் நீங்கள் செய்வது பைதான் கன்சோலில் வரிவரியாக ஓடுவதைப் பார்க்கலாம், அதையே காப்பி எடுத்து மேக்ரோவாக்கலாம். மாணவர்கள் கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, செலவும் இல்லை.

கேள்வி: எங்களிடம் விபிஏ மேக்ரோக்கள் நிறைய இருக்கின்றன, முன்பு இருந்தவர் எழுதியவை. புதிய கம்ப்யூட்டரில் ஓட மாட்டேன் என்கின்றன. எல்லாவற்றையும் திரும்ப எழுதவா?
(சென்னை வாசகர்)

பதில்: பொறுங்கள். 2010 பதிப்பிலிருந்து ஆட்டோகேடோடு விபிஏ சேர்ந்து வருவதில்லை, உங்கள் பதிப்புக்கு உரிய மாட்யூலைத் தனியாக டவுன்லோட் செய்து போட வேண்டும். முதலில் அதைச் செய்து பாருங்கள், பல மேக்ரோக்கள் எழுந்துவிடும். ஓடுகிறவற்றைத் தொடாதீர்கள், புதிதாக எதையும் ஆட்டோகேட் விபிஏவில் எழுதாதீர்கள். அடிக்கடி தகராறு செய்பவற்றை மட்டும் லிஸ்ப்புக்கோ டாட்நெட்டுக்கோ மாற்றுங்கள். பழைய கோடில் இருக்கும் மாடல்ஸ்பேஸ், ஆட்லைன் எல்லாம் லிஸ்ப்பின் விஎல்ஏ ஃபங்ஷன்களிலும் அதே பெயரில் இருக்கும் என்பதால் நினைப்பதைவிட எளிது.

இதே கேள்வி சாலிட்வொர்க்ஸ் பற்றி என்றால் நேர்மாறாகச் சொல்வேன். அங்கே மேக்ரோ ரெக்கார்டர் நீங்கள் செய்வதை விபிஏ கோடாகவே எழுதித் தருகிறது. பதிவு செய்து, எண் இருக்கும் இடத்தில் வேரியபிள் போட்டு, எக்செலோடு இணைப்பதுதான் அங்கே எல்லோரும் தொடங்கும் வழி. இன்வென்டரில் என்றால் அதற்குள்ளேயே இருக்கும் ஐலாஜிக், அதில் எழுதும் மொழி விபி டாட்நெட்.

கேள்வி: வேலைவாய்ப்புக்காகக் கற்கிறேன். சி ஷார்ப்பா, சி ப்ளஸ் ப்ளஸ்ஸா?
(திருச்சி மாணவர்)

பதில்: சி ஷார்ப். கம்பெனி முழுவதும் பயன்படுத்த டயலாக், டேட்டாபேஸ் எல்லாம் வைத்து ஒரு பிளக்கின் செய்வதற்கு அதுதான், கட்டட டிசைன் மென்பொருளான ரெவிட்டுக்குப் போனாலும் அதுதான். பராமரிப்பு வேலை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். ஆட்டோகேட் 2025 பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கை விட்டு டாட்நெட் 8-க்கு மாறியது, 2024 வரை ஓடிய பிளக்கின்களைத் திரும்ப பில்ட் செய்ய வேண்டிவந்தது. லிஸ்ப் எழுதியவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. சி ப்ளஸ் ப்ளஸ் தேவைப்படுவது ஆட்டோகேடில் இல்லாத புதுவகை ஆப்ஜெக்ட்டையே உருவாக்க வேண்டும் என்றால், அதற்கு ஆப்ஜெக்ட்ஏஆர்எக்ஸ் என்ற சி ப்ளஸ் ப்ளஸ் நூலகத் தொகுப்பு. அந்த வேலை கொடுக்கும் கம்பெனிகள் குறைவு.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லிஸ்ப் கோப்புகளை நம்பிப் போடலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: திறந்து படிக்க முடிகிறதென்றால், படித்துவிட்டுப் போடுங்கள். 2012-ல் மெட்ரே என்ற புழு லிஸ்ப்பிலேயே எழுதப்பட்டு, பெரும்பாலும் பெரு நாட்டில் பரவி, டிராயிங்குகளைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. ஒரு கம்பெனியின் டிசைன் முழுவதும் அப்படிப் போனால் திரும்ப வராது. அதற்குப் பிந்தைய பதிப்புகளில் செக்யூர்லோட் என்ற பாதுகாப்பு இருக்கிறது, அடிக்கடி எச்சரிக்கை வருகிறதே என்று அதை ஆஃப் செய்யாதீர்கள். உங்கள் லிஸ்ப்களை ஒரே ஃபோல்டரில் வைத்து அந்த ஃபோல்டரை மட்டும் நம்பகமான பாதையில் சேர்த்தால் எச்சரிக்கை தானாக நிற்கும். எஃப்ஏஎஸ், விஎல்எக்ஸ் என்று முடிபவை கம்பைல் செய்தவை, உள்ளே என்ன என்று படிக்க முடியாது, தெரிந்த இடத்திலிருந்து வந்தால் மட்டும் எடுங்கள். வெளியாள் அனுப்பிய டிராயிங் ஃபோல்டரில் ஏகேட்டாக் என்ற பெயரில் (டிராயிங் திறக்கும்போது ஆட்டோகேட் தானாக லோட் செய்யும் பெயர் இது) லிஸ்ப் கோப்பு கிடந்தால், அந்த ஃபோல்டரிலிருந்து எந்த டிராயிங்கையும் திறக்கும் முன் அதை வெளியே எடுத்து நோட்பேடில் பாருங்கள்.