அப்பா உட்கார்ந்திருந்த பூட்டிய வாசல்

வணக்கம் மேடம்,

எனக்கு 36 வயது. சென்னையில் ஐடி வேலை. ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளியின் மகன்; எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர். கடந்த ஒன்றரை வருடத்தில் பங்குச் சந்தையின் ஆப்ஷன் வர்த்தகத்தில் (குறிப்பிட்ட தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்றது) 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை இழந்துவிட்டேன். அதில் 3 லட்சம் பர்சனல் லோன். மனைவிக்கு எதுவும் தெரியாது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். முதல் வாரம் 11 ஆயிரம் லாபம். அப்புறம் நஷ்டம்தான். எக்ஸ்பைரி, அதாவது காலாவதி நாள், நெருங்க நெருங்க ஆப்ஷனின் விலையான பிரீமியம் கரையும் என்பதே பணம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் இன்னொரு லாட், அதாவது இன்னொரு கட்டு ஆப்ஷன், வாங்கினேன்.

மனைவிக்கு விருதுநகர். மாமனார் மளிகை மொத்த வியாபாரி. அந்த வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நாள் கணக்குப் பார்ப்பார்கள். பத்து வயதிலேயே கூட்டிச் சொல்வாளாம். எங்கள் வீட்டில் பணப் பேச்சே கிடையாது. 1998இல் அக்கா கல்யாணத்துக்கென்று சேர்த்த 80 ஆயிரத்தை, நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் அப்பா மொத்தமாகப் போட்டார். அதை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறமும் பல மாதம் சனிக்கிழமைதோறும் அந்தப் பூட்டிய வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். நாங்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவருக்கு இப்போது 70 வயது.

பணத்தைக் கையாளும் அறிவே எங்கள் ரத்தத்தில் இல்லையா, மேடம்? மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

பெயர் வேண்டாம், சென்னை

*

அன்புள்ள தம்பி,

கேள்வியை விட, அந்தச் சனிக்கிழமை பற்றிய வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மனைவி அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கவில்லை, தினமும் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தார். அமெரிக்க இளைஞர்களைப் பற்றி பொருளாதார அறிஞர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் இன்னொருவரும் சேர்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி: ஒரே கம்பெனியின் பங்கை வாங்குவது பத்திரமானதா, பல பங்குகள் சேர்ந்த ஃபண்டை வாங்குவது பத்திரமானதா? ஒரு பக்கம், பெற்றோருக்குப் பங்குகளும் ஓய்வுகாலச் சேமிப்பும் இருந்த, கல்லூரி முடித்த ஆண்கள். மறுபக்கம், வசதியில்லாத வீட்டில் பிறந்து பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்கள். பணத்தைப் பிரித்துப் போடுவது பற்றித் தெரிந்திருப்பதில் இவர்களுக்குள் ஏறக்குறைய 45 சதவீதப் புள்ளி இடைவெளி. படிப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெற்றோர் பணத்தை எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் பிள்ளைக்குப் பாடமாகிவிடுகிறது. உங்கள் அப்பா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டார். அதில் என்ன தவறு என்று அன்று வீட்டில் பேசியிருந்தால், ஒன்பது வயதில் உங்களுக்கு அது புரிந்திருக்கும்.

உங்கள் இன்ஜினியரிங் படிப்பு இதற்கு ஈடாகாது. படித்தவன் எனக்கே தெரியவில்லையே என்ற வெட்கம்தான் உங்களை யாரிடமும் கேட்கவிடாமல் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பணம் போனால் என்ன செய்வது என்பதற்கு நீங்கள் பார்த்த ஒரே உதாரணம், அதன் வாசலில் போய் உட்கார்ந்திருந்த அப்பா. நீங்கள் வாங்கிய ஒவ்வொரு கூடுதல் லாட்டிலும் எனக்கு அந்த வாசல் தெரிகிறது. போனது போகட்டும் என்று எழுந்து வருவதை உங்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை. உங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்காத அதே அமைதியைத்தான் இப்போது மனைவியிடமும் காக்கிறீர்கள்.

இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி ஆராய்ந்தபோது, எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். மளிகைக் கணக்கு முதலைக் காக்கக் கற்றுத்தரும், ஆப்ஷன் விலை எப்படிக் கரையும் என்று கற்றுத்தராது. அதனால் மாமனார் முன்னால் கூனிக் குறுக வேண்டாம்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்கச் சொல்லி புரோக்கரிடம் இன்றே கேளுங்கள், அந்த டெலிகிராம் குழுவை விட்டு வெளியேறுங்கள். அப்புறம் மனைவியிடம் உட்கார்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம், லோன் 3 லட்சம், மாதத் தவணை இவ்வளவு என்று ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். பாதியை இன்று சொல்லி மீதியை அடுத்த மாதம் சொன்னால் அவர் இரண்டாவது முறையும் ஏமாந்துபோவார். கோபப்படுவார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு, அவர் சின்ன வயதில் பார்த்த நாள் கணக்கை உங்கள் வீட்டிலும் தொடங்கலாமா என்று கேளுங்கள். அது உங்களுக்கு உதவும், உங்களுக்குக் குழந்தை இருந்தால் அதன் காதிலும் விழும்.

ராத்திரித் தூக்கம் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ராஜபாளையம் போய்வாருங்கள். ஏன் அங்கே பணத்தைப் போட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் இத்தனை வருடமாகத் தனக்குள்ளேயே கேட்டுச் சலித்திருப்பார். சனிக்கிழமைகளில் எந்த பஸ்ஸில் போவீர்கள், அந்த வாசலில் வேறு யாரெல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்